நடுவழியில் நின்றது ரூ.50 லட்சம் மின்சார கார்! "பொய் சொல்கிறார் நிருபர்" என்று முதலாளி புகார். சாட்சி சொன்னது கார்!

கொட்டும் குளிரில், அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு சொகுசு கார் திடீரென்று நின்று விட்டது.

அதன் விலை ஏறத்தாழ 1 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம்மூர் பணம் 50 லட்ச ரூபாய்க்கு மேல்.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். அந்தக் காருக்கு பெட்ரோலே கிடையாது. அது மின்சார கார்.

உள்ளே இருந்தவர் சாதாரண ஆள் அல்ல. உலகப் புகழ் பெற்ற "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் நிருபர் ஜான் பிராடர்.

"கார் என்னைக் கைவிட்டு விட்டது" என்ற பொருள்பட அவர் பத்திரிகையில் எழுதினார். "அத்தனையும் பொய்" என்று கார் கம்பெனி முதலாளி எலான் மஸ்க் திருப்பி அடித்தார்.

யார் சொன்னது உண்மை? 2013-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்கா முழுவதும் இதே பேச்சாக இருந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

அப்படி என்ன கார் அது?

"டெஸ்லா" கம்பெனியின் "மாடல் எஸ்" என்ற கார் அது. 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது.

காரின் அடிப்பலகை முழுவதும் பேட்டரி. அதற்குள் ஏறத்தாழ 7 ஆயிரம் சின்னச் சின்ன லித்தியம் செல்கள் அடுக்கப்பட்டு இருந்தன.

வேகத்துக்கும் குறைவு இல்லை. அதில் வேகமான ரகம், நின்ற இடத்தில் இருந்து கிளம்பி நாலரை வினாடிக்குள் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப் பிடித்தது. "மோட்டார் டிரெண்ட்" என்ற கார் பத்திரிகை, 2013-ம் ஆண்டின் சிறந்த கார் என்று இதற்குப் பட்டம் கொடுத்தது. பெட்ரோல், டீசல் என்ஜின் இல்லாத கார் ஒன்று அந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் தடவை.

பெரிய பேட்டரி போட்ட காரை ஒரு முறை முழுதாக சார்ஜ் செய்தால் 265 மைல், அதாவது 426 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் இலாகா சான்று கொடுத்து இருந்தது.

"அதெல்லாம் சரி, வழியில் சார்ஜ் தீர்ந்து போனால் என்ன செய்வது?" என்று ஜனங்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே!

அதற்கு பதில் சொல்லத்தான் நெடுஞ்சாலைகளில் "சூப்பர் சார்ஜர்" நிலையங்களை கம்பெனி திறந்தது. வீட்டு பிளக்கில் மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு உண்டான மின்சாரம்தான் ஏறும். சூப்பர் சார்ஜரில் மாட்டினால் அரை மணி நேரத்தில் 240 கிலோமீட்டருக்கு ஏறும் என்று கம்பெனி சொன்னது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது இரண்டே இடத்தில்தான் அது இருந்தது. ஒன்று டெலவேர் மாநிலம் நியூவார்க். மற்றொன்று கனெக்டிகட் மாநிலம் மில்போர்டு. இரண்டுக்கும் இடையே 320 கிலோமீட்டர் தூரம்.

அந்த வழியில் காரை ஓட்டிப் பார்த்து எழுதும் வாய்ப்பு "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகைக்குக் கிடைத்தது. 2013 ஜனவரி மாதம். கடும் குளிர்காலம். நிருபர் பிராடர் வாஷிங்டன் பக்கம் இருந்து கிளம்பினார்.

எண் இறங்கியது, நெஞ்சு அடித்தது

நியூவார்க்கில் 49 நிமிடம் சார்ஜ் போட்டார். "சார்ஜ் முடிந்தது" என்று கார் காட்டியது. இன்னும் 242 மைல், அதாவது 389 கிலோமீட்டர் ஓடும் என்றும் காட்டியது.

போக வேண்டியது 320 கிலோமீட்டர். கணக்குப்படி கையில் மிச்சம் 69 கிலோமீட்டர். பயம் இல்லை என்று வண்டியை எடுத்தார்.

ஆனால் நடந்தது என்ன?

68 மைல் ஓடியதும் பார்த்தார். மீட்டரில் 85 மைல் குறைந்து இருந்தது! பையில் இருந்து 68 ரூபாய் செலவு செய்தவனுக்கு 85 ரூபாய் காணாமல் போன மாதிரி ஆகிவிட்டது.

"இப்படியே போனால் மில்போர்டு போய்ச் சேர முடியாதே" என்று நிருபருக்குக் கவலை வந்து விட்டது. கம்பெனி ஆட்களுக்கு டெலிபோன் செய்தார். ஹீட்டரைக் குறைத்ததாகவும், வேகத்தை மணிக்கு 54 மைலாக (87 கிலோமீட்டர்) குறைத்துக்கொண்டு ஓரமாக ஊர்ந்ததாகவும், கால் இரண்டும் விறைத்துப் போனதாகவும் எழுதினார்.

மில்போர்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது, "உடனே சார்ஜ் போடு" என்று சிவப்பு எழுத்தில் கார் எச்சரித்தது. ஒரு வழியாக போய்ச் சேர்ந்தார். சார்ஜரில் மாட்டிவிட்டு, காபி கோப்பையில் கையைச் சூடாக்கிக் கொண்டார்.

அங்கே 185 மைல் (298 கிலோமீட்டர்) ஓடும் அளவுக்கு மட்டும் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். இரவு கிராட்டன் என்ற ஊரில் ஓட்டலில் தங்கினார்.

ராத்திரியோடு ராத்திரியாக மாயம்

படுக்கப் போகும்போது காரில் 90 மைல் ஓடும் அளவுக்கு மின்சாரம் இருந்தது. மறுநாள் திரும்பிப் போக வேண்டிய மில்போர்டு 46 மைல்தான். தேவைக்கு இரண்டு மடங்கு கையிருப்பு.

காரை பிளக்கில் மாட்டாமலே தூங்கப் போனார்.

காலை 8½ மணிக்கு வந்து பார்த்தவருக்குப் பெரும் அதிர்ச்சி. கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஒரு அடி கூட நகரவில்லை. ஆனால் மீட்டரில் 90 போய், 25 மைல்தான் மிச்சம் இருந்தது! வெளியே மைனஸ் 12 டிகிரி குளிர்.

மறுபடியும் டெலிபோன். பக்கத்தில் நார்விச் என்ற ஊரில் ஒரு மணி நேரம் சார்ஜ் போடும்படி கம்பெனி ஆள் சொன்னதாக பிராடர் கூறுகிறார். அது அதிவேக சார்ஜர் அல்ல. சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது.

மீட்டர் 32 மைல் காட்டும்போதே வயரைக் கழற்றிவிட்டு கிளம்பினார். அங்கிருந்து மில்போர்டு 61 மைல்!

பிரான்போர்டு என்ற ஊர் வரைதான் வண்டி வந்தது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் பாதையில் படுத்து விட்டது.

இழுத்துப் போக லாரி வந்தது. அதிலும் ஒரு சோதனை. காரின் பார்க்கிங் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. மின்சாரம் இல்லாததால் பிரேக் விடவில்லை. 45 நிமிடம் போராடி, காரை தரதரவென்று இழுத்து லாரியில் ஏற்றினார்கள்.

ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்துக்கு 5 மணி நேரம் ஆனது. லாரி மேல் கார் ஏறி நிற்கும் போட்டோவுடன் பிப்ரவரி 8-ந்தேதி கட்டுரை வெளியானது.

முதலாளி ஆவேசம்

3 நாள் கழித்து, பிப்ரவரி 11-ந்தேதி எலான் மஸ்க் டுவிட்டரில் பொங்கி எழுந்தார். கட்டுரை போலி என்றார். நிருபர் முழுதாக சார்ஜ் போடவில்லை, சுற்று வழியில் போனார், அதற்கு அத்தாட்சி இருக்கிறது என்றார்.

என்ன அத்தாட்சி? காரேதான்!

எத்தனை வேகம், எத்தனை நிமிடம் சார்ஜ், ஹீட்டர் எத்தனை டிகிரி என்பதை எல்லாம் அந்தக் கார் நொடிக்கு நொடி பதிவு செய்து இருந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2008-ம் ஆண்டு பி.பி.சி. டெலிவிஷனின் "டாப் கியர்" நிகழ்ச்சியில் டெஸ்லாவின் முந்தைய காரை, சார்ஜ் தீர்ந்து நின்றது போலக் காட்டினார்கள். கம்பெனி 2011-ல் லண்டன் கோர்ட்டில் வழக்கு போட்டது. 2013 மார்ச்சில் அப்பீலிலும் தோற்றது. "டாப் கியர்" அனுபவத்துக்குப் பிறகு, பத்திரிகைக்காரர்களிடம் கொடுக்கும் கார்களில் எல்லாவற்றையும் பதிவு செய்வதாக மஸ்க் சொன்னார். வாடிக்கையாளரின் கார்களில் எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் இப்படிச் செய்வது இல்லை என்றும் சொன்னார்.

பிப்ரவரி 13-ந்தேதி அந்தக் கணக்கை எல்லாம் ஊர் அறிய வெளியிட்டார். அவர் சாட்டிய குற்றங்கள் வருமாறு:-

மணிக்கு 54 மைல் என்று நிருபர் எழுதியது தவறு. பெரும்பாலும் 65 முதல் 81 மைல் (105 முதல் 130 கிலோமீட்டர்) வேகத்தில் விரட்டி இருக்கிறார்.

ஹீட்டரைக் குறைத்ததாகச் சொன்ன இடத்தில், உண்மையில் 23 டிகிரிக்குக் கூட்டி இருக்கிறார்.

மீட்டர் பூஜ்யம் காட்டியபோது, மில்போர்டில் ஒரு சின்ன கார் நிறுத்தும் இடத்தில் அரை மைலுக்கு மேல் வட்டம் அடித்து இருக்கிறார்.

முதலில் 90 சதவீதம், பிறகு 72 சதவீதம், கடைசியில் வெறும் 28 சதவீதம் என்று சார்ஜை குறைத்துக்கொண்டே போய் இருக்கிறார்.

61 மைல் போக வேண்டும் என்று தெரிந்தும், 32 மைலில் வயரைக் கழற்றி இருக்கிறார்.

லாரியைக் கூப்பிட்டபோது கூட பேட்டரி முழுதாகத் தீரவில்லை.

நிருபர் பதில்

பிராடர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்.

"கார் நிறுத்தும் இடத்தில் வட்டம் அடித்தது சார்ஜரைத் தேடித்தான். இருட்டில் அது இருக்கும் இடம் தெரியவில்லை. முதலில் 'சார்ஜ் முடிந்தது' என்று கார்தான் காட்டியது. அதற்கு மேலும் ஏற்றும் வசதி இருப்பதை யாரும் சொல்லவில்லை. 32 மைலில் கிளம்பியது கம்பெனி ஆள் சொல்லித்தான். வண்டி ஓட ஓட பேட்டரி சூடாகி, காணாமல் போன மைல்கள் திரும்பி வரும் என்றார். ஹீட்டரைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினேன். சுற்று வழி என்பது மன்ஹாட்டனில் ஏறத்தாழ 2 மைல்தான்."

இதுவே அவர் பதிலின் சாரம்.

வேகக் கணக்கு வேறுபட்டதற்கு, சக்கரத்தின் அளவு வேறாக இருந்தது காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

தீர்ப்பு என்ன?

"நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் வாசகர் சார்பில் விசாரிக்க ஒரு ஆசிரியர் 2017 வரை தனியாக இருந்தார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் மார்கரெட் சல்லிவன் என்ற பெண்மணி. அவர் இரு தரப்பையும் விசாரித்து பிப்ரவரி 18-ந்தேதி முடிவைச் சொன்னார்.

நிருபர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் வழியில் எல்லா இடத்திலும் நல்ல யோசனையோடு நடந்துகொள்ளவில்லை. முக்கியமாக, நார்விச்சில் அரைகுறை சார்ஜோடு கிளம்பியது சரியல்ல. அவர் எடுத்த குறிப்புகளும் துல்லியமாக இல்லை.

நிருபர் ஒரு சின்ன சிவப்பு நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். நொடிக்கு நொடி எழுதும் காரின் நினைவுக்கு முன்னால் அந்த நோட்டு எடுபடவில்லை.

அதோடு முதலாளியையும் அந்த அம்மாள் விடவில்லை. கார் பதிவுகளை நிருபருக்குக் கெடுதல் செய்யும் விதமாகவும், சில இடங்களில் தவறான எண்ணம் வரும்படியும் மஸ்க் பயன்படுத்தினார் என்று எழுதினார்.

ஆக, இரண்டு பேருக்கும் குட்டு!

இந்தக் கட்டுரையால் கம்பெனியின் பங்கு மதிப்பில் 10 கோடி டாலர் வரை போயிற்று என்று மஸ்க் பின்னர் புலம்பினார். இதே வழியில் சி.என்.என். நிருபர் ஒருவர் அதே மாதம் ஓட்டிப் பார்த்தார். அவர் பாஸ்டன் நகருக்கு பத்திரமாக போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் ஒரே நாளில் பயணத்தை முடித்தார். இரவில் காரைக் குளிரில் போட்டு வைக்கவில்லை. குளிரும் அன்றைக்குக் கொஞ்சம் குறைவு.

மின்சாரம் எங்கே போனது?

சண்டை கிடக்கட்டும். நின்ற இடத்தில் நின்ற காரில் இருந்து 65 மைல் எப்படி மாயமானது? திருடனா வந்தான்?

திருடன் வேறு யாரும் இல்லை. குளிர்தான்!

பேட்டரிக்குள் ஒரு பக்கம் இருந்து மறுபக்கத்துக்கு லித்தியம் துகள்கள் திரவத்தில் நீந்திப் போனால்தான் மின்சாரம் வரும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் வராது, பார்த்து இருப்பீர்கள். எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது. வெளியே வர மறுக்கிறது. அதுபோல, கடுங்குளிரில் பேட்டரிக்குள் ஓட்டம் மந்தமாகி விடுகிறது. சரக்கு இருந்தும் எடுத்து செலவு செய்ய முடியாது. பேட்டரி சூடானால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். முழுதும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட்டால் ஆபத்து.

இரண்டாவது திருடன் ஹீட்டர். பெட்ரோல் என்ஜினில் வீணாகும் சூடே காருக்குள் இருப்பவருக்குப் போதும். மின்சார மோட்டாரில் அவ்வளவு சூடு வீணாவது இல்லை. எனவே குளிர் காய்வதற்கும் பேட்டரியில்தான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது திருடன் வேகம். வேகம் இரண்டு மடங்கானால், காற்று எதிர்த்துத் தள்ளும் விசை நாலு மடங்காகிறது. விரட்டினால் மீட்டர் விறுவிறு என்று இறங்கும்.

பஸ் நிரம்பும் கதை

"பெட்ரோல் மாதிரி முழுசா நிரப்பிக்கிட்டு போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம்.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. காலி பஸ் டெர்மினஸில் வந்து நிற்கும்போது ஜனங்கள் மடமடவென்று ஏறி உட்காருவார்கள். சீட் நிரம்பிய பிறகு, "உள்ளே போ, உள்ளே போ" என்று கண்டக்டர் கத்தினாலும் ஒவ்வொருவராகத்தான் ஏற முடியும்.

பேட்டரியும் அப்படியே. காலியாக இருக்கும்போது வேகமாக ஏறும். நிரம்ப நிரம்ப மெதுவாகும். கடைசி 10 சதவீதம் ஏற பொறுமை வேண்டும். தினமும் முட்ட முட்ட நிரப்பினால் பேட்டரியின் ஆயுளும் குறையும். அதனால்தான் கார் 90 சதவீதத்திலேயே "முடிந்தது" என்று காட்டியது.

வெளியூர்ப் பயணத்துக்கு அந்த கடைசி 10 சதவீதம்தான் உயிர்நாடி என்பதை பிராடர் பாடுபட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு வந்த மாற்றம்

அந்தக் காலத்துக்குப் பிறகு இந்தக் கார்கள் வெகுதூரம் வந்து விட்டன.

2020-ம் ஆண்டு அதே "மாடல் எஸ்" காரின் ஒரு ரகம் 402 மைல் (647 கிலோமீட்டர்) ஓடும் என்று அரசு சான்று வாங்கியது. 400 மைலைத் தாண்டிய முதல் மின்சார கார் அது.

அடுத்த ஆண்டே அதை விழுங்க ஒரு கார் வந்தது. பெயர் "லூசிட் ஏர்". அதில் ஒரு ரகத்துக்கு 520 மைல், அதாவது 837 கிலோமீட்டர்! வேடிக்கை என்னவென்றால், லூசிட் கம்பெனிக்குத் தலைவராக இருந்து இதைக் கொண்டுவந்த பீட்டர் ராலின்சன், முன்பு டெஸ்லாவில் "மாடல் எஸ்" காருக்கு தலைமை என்ஜினீயராக இருந்தவர்.

2019-ல் வந்த சார்ஜர்கள் முன்பை விட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி உள்ளவை. சார்ஜ் நிலையத்தை நோக்கிப் போகும்போதே பேட்டரியைச் சூடாக்கி வைக்கும் வசதியும் அந்த ஆண்டு வந்தது. கிழக்குக் கரையில் 2 இடத்தில் மட்டும் இருந்த நிலைமை போய், 2023-ல் உலகம் முழுவதும் டெஸ்லாவின் சூப்பர் சார்ஜர்கள் 50 ஆயிரத்தைத் தாண்டின.

பனி கொட்டும் நார்வே நாட்டில் 2024-ல் விற்ற புதிய கார்களில் 10-க்கு ஏறத்தாழ 9 மின்சார கார்கள்!

ஆனாலும் குளிர் திருடன் ஒழிந்து விடவில்லை. 2024 ஜனவரியில் சிகாகோ நகரில் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே குளிர் போனது. சார்ஜ் நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. சில கார்கள் சார்ஜ் ஏறாமல் அங்கேயே படுத்துக்கொண்டன. அவற்றை இழுத்துப் போக லாரிகள் வந்தன.

11 வருடத்துக்கு முன் பிரான்போர்டில் வந்தது போலவே!

இரவில் ஒரு வயர்

இந்த வழக்கில் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. யாருக்கும் அபராதம் இல்லை. ஆனால் ஒரு நிருபரின் நாணயமும், ஒரு கம்பெனியின் எதிர்காலமும் சில நாள் தராசில் ஆடின.

அன்றைக்கு பிராடருக்குத் தேவைப்பட்டது பெரிய தொழில்நுட்பம் எதுவும் அல்ல. கிராட்டனில் தூங்கப் போகும் முன் ஒரு வயரை எடுத்து பிளக்கில் மாட்டி இருந்தால், பேட்டரி குளிரில் விறைத்து இருக்காது. லாரி வந்து இருக்காது. சண்டையும் வந்து இருக்காது.

"அது எனக்கு எப்படித் தெரியும்? சாதாரண ஆள் ஓட்டுவது போலத்தானே ஓட்டினேன்" என்பது நிருபர் கட்சி.

"புதுக் கார் வாங்குகிறவன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?" என்பது எதிர்க்கட்சி.

யார் சொன்னது நியாயம் என்பதை, ராத்திரி செல்போனை சார்ஜில் போட மறந்துவிட்டு, காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று விழித்தவர்கள் சொல்லட்டும்.